ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு 8,000 ரூபாய்க்குள் சின்ன ஸ்கோப்: 1-6×24 எடுக்கலாமா, 2-7×32 எடுக்கலாமா?

தோப்புத்துரை:

எல்லாருக்கும் வணக்கம். துப்பாக்கி .177 (4.5 மி.மீ.) பிரேக் பேரல் (பேரலை மடக்கி லோடு பண்றது), ஸ்பிரிங் பிஸ்டன். மேலே 11 மி.மீ. டவ்டெயில் (ஸ்கோப்பைத் தாங்குற மவுண்ட் பிடிக்கிற பள்ளம்) வெட்டியிருக்கு, பின்பக்கம் ஸ்டாப் பின்னுக்கு ஒரு ஓட்டையும் இருக்கு. 8.44 கிரெய்ன் எடை பெல்லட் போட்டா வேகம் அளக்கிற குரோனோகிராஃபில் விநாடிக்கு 750 அடி வருது. சுடுறது தகர டப்பா, பேப்பர் டார்கெட், அவ்வளவுதான். தூரம் 10 மீட்டர்லேர்ந்து 40 மீட்டர் வரைக்கும்.

ஓப்பன் சைட்டில் 20 மீட்டருக்கு மேல டப்பாவும் முன்குறியும் ஒண்ணா கலங்கித் தெரியுது, அதனாலதான் ஸ்கோப். மவுண்டோட சேர்த்து 8,000 ரூபாய். குறைஞ்ச எக்ஸ் (உருப்பெருக்கம்) போதும்னு நினைக்கிறேன். வீடியோவில் எல்லாரும் 1-6×24 எல்பிவிஓ (1லேர்ந்து 6 மடங்கு பெருசாக்குற, முன் லென்ஸ் 24 மி.மீ. உள்ள ஸ்கோப்) மாட்டியிருக்காங்க, பார்க்க அடக்கமா இருக்கு. கடைக்காரர் அதே காசுக்கு 6-24×50 தரேன்கிறார், உள்ள குறிக்கோட்டுல லைட் எரியுமாம். எதைப் பார்த்து வாங்கணும், எதைப் பார்த்து ஏமாறக்கூடாது?

வில்லைக்காரன்:

துரை, 1-6×24, 6-24×50 ரெண்டுமே வேண்டாம், 2-7×32 பாருங்கள். காரணம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எந்தக் கடையில் எதைக் காட்டினாலும் நீங்களே கழித்துக் கட்டிவிடலாம்.

1-6×24 மோசமான சாமான் இல்லை, அது பிறந்த வேலை வேறு. அமெரிக்காவில் ஏஆர்-15 ரகத் துப்பாக்கிக்கு, பக்கத்தில் இருப்பதை இரண்டு கண்ணையும் திறந்தபடி 1 எக்ஸில் சுடவும், 300 மீட்டரில் இருப்பதை 6 எக்ஸுக்குத் திருப்பிச் சுடவும் வந்த கண்ணாடி அது. அதில் பேரலாக்ஸை (டார்கெட்டும் குறிக்கோடும் சரியாகப் பொருந்தும் தூரத்தை) ஃபேக்டரியிலேயே, பெரும்பாலும் 100 கஜத்தில், பூட்டிவிடுவார்கள். மாற்ற வளையம் கிடையாது. நீங்கள் 10 மீட்டரில் சுடும்போது டார்கெட்டின் பிம்பமும் ரெட்டிக்கிளும் (உள்ளே தெரியும் குறிக்கோடு) ஒரே தளத்தில் விழாது. கண் கொஞ்சம் நகர்ந்தால் குறியும் நகரும், துப்பாக்கி அசையாமலே.

எவ்வளவு நகரும் என்பதற்குக் கணக்கு உண்டு. முன் லென்ஸின் பாதி விட்டத்தை, பூட்டிய தூரத்துக்கும் சுடும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டிய தூரத்தால் வகுக்க வேண்டும். 100 கஜம் என்பது 91 மீட்டர். 24 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர்: 12 × 81 ÷ 91, ஏறக்குறைய 10.7 மி.மீ. அதே பூட்டு 40 மி.மீ. லென்ஸில் இருந்தால் கிட்டத்தட்ட 18 மி.மீ. இது கண் ஓரத்துக்குப் போகும்போது வரும் உச்சபட்சப் பிழை. கன்னம் தினமும் ஒரே இடத்தில் பதிந்தால் குறையும். ஆனால் 10 மீட்டரில் நல்ல ஸ்பிரிங் ரைஃபிளின் குரூப்பே (ஓட்டைகள் சிதறும் அகலம்) ஒரு பெல்லட் ஓட்டை அகலத்துக்கு வரும்போது, 10 மி.மீ. பிழையைக் காசு கொடுத்து வாங்குவானேன்? போதாததற்கு 6 எக்ஸில் 10 மீட்டர் பிம்பம் மங்கலாகவும் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஏஓ, அதாவது முன் லென்ஸைச் சுற்றித் தூரம் திருப்பும் வளையம் உள்ளது; இடது பக்கத் திருகியில் அதே வேலை நடந்தாலும் சரி. அது 10 கஜம் வரைக்குமாவது இறங்க வேண்டும். 10 கஜம் 9.1 மீட்டர்தான், அதனால் உங்கள் 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். 15 கஜத்தோடு நின்றுவிடுகிற ஏஓவும் சந்தையில் இருக்கிறது. பெட்டியில் ‘ஏஓ’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, வளையத்தில் கடைசி எண் என்ன என்று பாருங்கள்.

அடுத்தது உதை. ஸ்பிரிங் ரைஃபிளில் உதை இரண்டு தடவை வருகிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. பிஸ்டன் முன்சுவர் பக்கத்தில் காற்று மெத்தையில் மோதி நின்றதும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுபடும். வெடிமருந்துத் துப்பாக்கிக்காகச் செய்த ஸ்கோப்பில் லென்ஸ் வளையங்கள் ஒரு திசை உதைக்குத்தான் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசை இழுப்பில் வளையம் தளரும், உள்குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் ஆடும், கம்பி ரெட்டிக்கிள் அறும். பெரிய காலிபருக்குத் தாங்கும் ஸ்கோப் ஏர் கன்னில் நூறு குண்டில் கண்ணை மூடுவது இதனால்தான். ‘ஸ்பிரிங் ஏர் கன்னுக்குத் தாங்கும்’ என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது. பிசிபி (முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அதில் உதை அநேகமாகக் கிடையாது.

6-24×50 பற்றி: குறைந்தபட்சமே 6 எக்ஸ். 10 மீட்டரில் பார்வை வட்டம் குறுகிவிடும், எந்த டப்பா என்றே தேட வேண்டும். 24 எக்ஸில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 50 ÷ 24, சுமார் 2 மி.மீ. சாயங்காலம் தோப்பு நிழலில் அது இருட்டு. 2-7×32-இல் முழு 7 எக்ஸிலேயே 4.6 மி.மீ. வரும், 4 எக்ஸில் 8 மி.மீ. முழு இருட்டிலேயே நம் கண்மணி விரிவதற்கு ஏறக்குறைய அதுதான் எல்லை, அதற்கு மேல் லென்ஸ் பெருசாக இருந்து பயன் இல்லை. எடை இன்னொன்று. 700 கிராம் கண்ணாடி ஒவ்வொரு சுடலிலும் மவுண்டைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். 500 கிராமுக்குள் நில்லுங்கள்.

லைட் எரிவதற்குக் காசு கொடுக்காதீர்கள். மலிவு ஸ்கோப்பில் அந்தச் சிவப்பும் பச்சையும் கண்ணாடி ஓரமெல்லாம் சிந்தி, கறுப்புக் கோடு தந்த தெளிவையும் கெடுக்கும்.

பெயர் சொல்லச் சொன்னால்: ஹாக் வாண்டேஜ் 2-7×32 ஏஓ, இதே அளவில் அவர்களுடைய ஏர்மேக்ஸ், யூடிஜியின் பக் பஸ்டர் 3-9×32. பக் பஸ்டர் 3 கஜம் வரை இறங்கும், மாடியிலேயே சுடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. குழாய் குட்டை என்பதால் ரிங் வைக்க இடம் குறைவு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்குமதி விலை மாதத்துக்கு மாதம் ஆடும், உங்கள் 8,000-க்குள் எது நுழைகிறது என்று விசாரியுங்கள். நுழையாவிட்டால் இரண்டு மாதம் பொறுங்கள், ஏஓ இல்லாததை வாங்கிவிடாதீர்கள்.

தோப்புத்துரை:

ரொம்ப நன்றி அண்ணே. அப்ப 7,500 ஸ்கோப்புக்கு, 500 மவுண்டுக்குன்னு வெச்சுக்கலாமா?

திருப்புளி:

அந்தக் கணக்குலதான் எல்லாரும் கவுறாங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல ‘ஸ்கோப் போச்சு’ன்னு வர்றதுல பெரும்பங்கு மவுண்டும் திருகும்தான். மொத்தக் காசுல கால் பங்காவது மவுண்டுக்கு ஒதுக்குங்க.

முதல்ல அகலம். உங்களுக்கு 11 மி.மீ. டவ்டெயில். ஆன்லைன்ல மவுண்டுன்னு தேடினா மேல வர்றது பாதி 20, 21 மி.மீ. பிக்காட்டினி ரெயிலுக்கானது. படத்துல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், வந்தப்புறம் உக்காராது. நடுவுல அடாப்டர் போட்டு ஒப்பேத்தாதீங்க, உயரமும் ஏறும், ஆடுற இடமும் ரெண்டாகும். ரிங் உள்விட்டமும் பாருங்க: ஸ்கோப் குழாய் ஒரு இஞ்ச்னா 25.4 மி.மீ., இல்லேன்னா 30 மி.மீ. ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுக்கு ஆகாது.

ரெண்டு தனி ரிங்கை விட ஒத்தைத்துண்டு மவுண்ட் வாங்குங்க, அடியில ஸ்டாப் பின் இருக்கணும். உங்க துப்பாக்கியில பின்பக்கம் ஓட்டை இருக்குன்னு சொன்னீங்களே, அந்தப் பின் அதுக்குள்ள இறங்கித்தான் இழுப்பைத் தாங்கணும். பின் இல்லாம திருகு இறுக்கத்தை மட்டும் நம்பினா மவுண்ட் கொஞ்சங்கொஞ்சமா பின்னால நகரும், டவ்டெயில்ல கீறல் விழும். அந்தக் கீறலுக்கு அப்புறம் எதை வெச்சாலும் சரியா உக்காராது.

மாட்டுற முறை. டவ்டெயில்லயும் மவுண்ட் தாடையிலயும் ஃபேக்டரி எண்ணெய் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சு ரெண்டையும் வறட்டுன்னு துடைங்க. எண்ணெய் மேல இறுக்கினா எத்தனை இறுக்கினாலும் வழுக்கும். பின் ஓட்டையில இறங்கின அப்புறம் மவுண்டைப் பின்னால தள்ளி, பின் ஓட்டையோட பின்சுவர்ல முட்டி நிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு அடித்திருகை இறுக்குங்க. நடுவுல விட்டுட்டா முதல் பத்து சுடல்ல அதுவா நகர்ந்துதான் முட்டும், ஜீரோவும் (குறி வெச்ச இடத்துலயே பெல்லட் விழுற மாதிரி பண்ணின அமைப்பு) கூடவே போயிடும்.

ஸ்கோப்பை ரிங்ல வெச்சு மேல்மூடியை லேசா மட்டும் பிடிக்க வையுங்க. எக்ஸை உச்சத்துக்குத் திருப்புங்க, கண்ணை மூடிக்கிட்டு சுடுற நிலையில கன்னத்தைப் பதிங்க, அப்புறம் கண்ணைத் திறங்க. வட்டம் முழுசா தெரியணும், ஓரத்துல கறுப்புப் பிறை வரக்கூடாது. வந்தா ஸ்கோப்பை முன்ன பின்ன நகர்த்துங்க, கழுத்தை நகர்த்தாதீங்க.

நேர் பார்க்க, கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ணு போதும். இல்லேன்னா நூல்ல ஒரு நட்டைக் கட்டி 10 மீட்டர் தள்ளிச் சுவர்ல தொங்க விடுங்க. துப்பாக்கியை ரசமட்டம் வெச்சு நேரா நிறுத்தி, செங்குத்துக் கோட்டை நூலோட ஒட்ட வையுங்க. 5 டிகிரி சாஞ்சிருந்தா 40 மீட்டர்ல குறியைத் தூக்கி வைக்கிறப்ப சுமார் 4 மி.மீ. பக்கவாட்டுல போகும். பெருசு இல்லதான், ஆனா காத்துன்னு நினைச்சு விண்டேஜை (பக்கவாட்டுத் திருகியை) திருப்பிட்டு 10 மீட்டர்ல குழம்புவீங்க.

ரிங் மூடித் திருகு 1.7லேர்ந்து 2 நியூட்டன் மீட்டருக்கு மேல போகக்கூடாது. டார்க் டிரைவர் இல்லையா? எல்-சாவியோட நீளக் கையைத் திருகுக்குள்ள விட்டு, குட்டைக் கையை ரெண்டே விரல்ல பிடிச்சு நிக்கிற வரைக்கும். இடது முன், வலது பின்னு குறுக்குவாட்டுல, ஒவ்வொண்ணா கால் சுத்து கால் சுத்தா. ரெண்டு பக்கமும் மூடி இடைவெளி ஒரே அளவா இருக்கணும். மூடித் திருகுக்கு லாக்டைட் (திருகு தளராம பிடிக்கிற பசை) போடாதீங்க. ஈரமா இருக்கிறப்ப அது வழவழன்னு ஆகி நீங்க நினைக்கிறதை விட அதிகமா இறுகும். குழாய் நசுங்குனா எக்ஸ் வளையம் சிக்கும், கிளிக் தாவும். அடித்திருகுக்கு நீலம் ஒரு பொட்டு போடலாம்.

எல்லாம் முடிச்சுட்டு மவுண்டும் டவ்டெயிலும் சேர்ற இடத்துல நெயில் பாலிஷ்ல குறுக்கா ஒரு கோடு இழுத்துடுங்க. நகர்ந்தா கோடு உடையும். பத்து ரூபா செலவில்லாம இதை விட நல்ல அளவுகருவி கிடையாது.

சாய்வுமானி:

திருப்புளி சொன்னதோட ஒரு விஷயம் சேருங்கள். பிரேக் பேரலில் பேரல் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது சகஜம். ஓப்பன் சைட் பேரல் மேலேயே இருப்பதால் அதில் தெரியாது. ஸ்கோப் உடல்மேல் உட்காருவதால் சட்டென்று தெரியும்.

எலிவேஷனை (குறியை மேலும் கீழும் நகர்த்தும் டரட் திருகியை) ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிளிக் எண்ணி, சரிபாதியில் நிறுத்திவிட்டு 25 மீட்டரில் ஐந்து சுடுங்கள். உங்கள் வேகத்துக்கு, ஸ்கோப் மையம் பேரல் மையத்துக்கு 45 மி.மீ. மேலே இருந்தால், பேரல் நேராக இருந்தாலுமே சுமார் 11 செ.மீ. கீழேதான் விழும். 45 மி.மீ. ஸ்கோப் உயரம், மீதி 64 மி.மீ. ஈர்ப்பு. அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், கிளிக்கில் ஏறிவிடும். 20 செ.மீ. கீழே விழுந்தால் மீதி 9 செ.மீ. பேரல் சாய்வு.

அதையும் கிளிக்கிலேயே ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். ‘அப்’ பக்கம் திருப்பத் திருப்ப டரட் திருகு மேலே வரும், கீழிருந்து உள்குழாயை அழுத்தும் ஸ்பிரிங் நீண்டு தளரும். கடைசி முனையில் அதில் பிடிப்பே இருக்காது. ஒவ்வொரு உதைக்கும் உள்குழாய் வேறு வேறு இடத்தில் உட்காரும், குரூப் மேலும் கீழுமாகக் கிழியும். ஸ்கோப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அடுத்ததும் அதையே செய்யும்.

மருந்து: பின் ரிங்கின் அடிக்கிண்ணத்தில் ஷிம் (உயர்த்த வைக்கும் மெல்லிய பட்டை). குளிர்பான அலுமினிய டப்பாவின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். ரிங் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, பிசிறைத் தேய்த்து, வளைத்து உள்ளே வையுங்கள். இரண்டு ரிங்குக்கும் நடுவே 90 மி.மீ. இருந்தால் ஒரு பட்டைக்கு 1.1 மில் (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறும், 25 மீட்டரில் 28 மி.மீ. மூன்று பட்டை போட்டால் 83 மி.மீ. உங்கள் 9 செ.மீ. சாய்வு ஏறக்குறைய சரியாகிவிடும். மூன்றுக்கு மேல் போகாதீர்கள், குழாயை ரிங் வளைக்க ஆரம்பிக்கும். அதற்கும் மேல் தேவை என்றால் சாய்வு சேர்த்தே கடைந்த மவுண்ட் விற்கிறது, அதுதான் வழி.

ஷிம்முக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் பசை இளகிப் பிதுங்கும்.

பத்துமீட்டர்:

நடுவில் ஒரு எச்சரிக்கை. கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். அங்கே ரைஃபிளில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு இடமில்லை, பீப் சைட்தான் (சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக் குறிவைப்பது). நம் நாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட்டுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஸ்கோப்பில் பழகின கண் மறுபடி முன்குறியில் குவியக் கொஞ்ச நாள் அடம் பிடிக்கும்.

தோப்போடு சரி என்றால் ஸ்கோப் போடுங்கள். ஆனால் 2-7 என்றதும் எப்போதும் 7-இல் வைத்துச் சுடாதீர்கள். நின்று சுடும்போது 7 எக்ஸ் உங்கள் கை நடுக்கத்தையும் ஏழு மடங்காக்கிக் காட்டும், அதை அடக்கப் போய் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பீர்கள். நின்றால் 3 அல்லது 4, உட்கார்ந்து சுட்டால் 5, 6. முழு 7 பேப்பரில் ஓட்டை எண்ண.

மட்டுறுத்துநர்:

புதிதாக வருகிறவர்களுக்காக: ஆயுத விதிகள் 2016-இன்படி .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. துரையின் 8.44 கிரெய்ன், 750 அடி என்பது சுமார் 14 ஜூல். .22 இந்த விலக்கில் வராது. மயில், கிளி, கொக்கு, முயல் என்று கேட்டு வரும் பதிவுகள் நீக்கப்படும், 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்கெல்லாம் பொருந்தும். டப்பாவுக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும், தென்னை மரத்தில் பட்ட பெல்லட் உங்கள் பக்கமே திரும்பி வரலாம்.

தோப்புத்துரை:

2-7×32 ஏஓ, ஒத்தைத்துண்டு மவுண்ட், ஷிம் ரெண்டு பட்டை, மாட்டியாச்சு. 25 மீட்டர்ல முதல் 30 பெல்லட் வரைக்கும் குரூப் 20 மி.மீ. அப்புறம் 60 மி.மீ. ஆயிடுச்சு, பெரும்பாலும் மேலும் கீழுமா. நெயில் பாலிஷ் கோடு உடையல. பேரல் வாய்ல லேசா வெள்ளைப் புகை வருது. துப்பாக்கி புதுசு, மொத்தமே நூறு பெல்லட் போயிருக்கும். ஸ்கோப் அவுட்டா?

திருப்புளி:

ஸ்கோப்பைக் கடைசியா சந்தேகப்படுங்க. வரிசையா போவோம்.

வெள்ளைப் புகைன்னா டீசலிங். உள்ள இருக்கிற ஃபேக்டரி எண்ணெய் அழுத்தத்துல எரியுது. எரியிற சுடலுக்கு வேகம் கூடும், எரியாததுக்குக் குறையும், அதனால மேலும் கீழும். ‘டப்’புங்கிற சத்தத்துக்குப் பதிலா ‘பளீர்’னு வெடிச்சா இன்னும் மோசம், ஸ்பிரிங்கையும் சீலையும் ஸ்கோப்பையும் சேர்த்து அடிக்கும். எண்ணெய் விடுறதை நிறுத்துங்க, காற்றுத் துளை வழியா ஒரு சொட்டு கூட விடாதீங்க. பேரலை மட்டும் காஞ்ச துணிப்பட்டையில இழுங்க. 200 பெல்லட் ஓடட்டும். அதுக்கு முன்னாடி ஜீரோ பண்றதே வீண் வேலை.

அடுத்து ஸ்டாக் திருகு. முன்கட்டையில ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ட்ரிகர் கார்டுல ஒண்ணோ ரெண்டோ. புதுத் துப்பாக்கியில மரம் அமுங்கும், திருகு தளரும். முப்பது சுடலுக்கு அப்புறம் குரூப் விரியுதுன்னா முதல் சந்தேகம் இதுதான். கழட்டிச் சுத்தம் பண்ணி, நீல லாக்டைட் பொட்டு வெச்சு, சாவி தானா நிக்கிற இறுக்கம். மரம் நசுங்கிற அளவுக்கு வேண்டாம்.

மூணாவது நீங்க பிடிக்கிற விதம். முன்கட்டையை மணல்மூட்டை மேல நேரா வெச்சா பெல்லட் பேரலை விட்டுப் போறதுக்குள்ள துப்பாக்கி துள்ளிடும். உள்ளங்கையைத் திறந்து மூட்டை மேல வெச்சு, அதுமேல கட்டை சும்மா கிடக்கட்டும். விரல் இறுக்கக்கூடாது, தோள்ல அமுக்கக்கூடாது. கை எந்த இடத்துல தாங்குதுன்னு கட்டையில ஒரு டேப் ஒட்டி ஒவ்வொரு தடவையும் அங்கேயே வையுங்க. ரெண்டு விரல்கடை தள்ளினாலே குறி மாறும்.

இதெல்லாம் முடிஞ்சும் 60 மி.மீ.யே இருந்தா ஸ்கோப்புக்குச் சதுரப் பரீட்சை. உங்களுது கால் எம்ஓஏ (எம்ஓஏன்னா ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) கிளிக்கா இருக்கும், 25 மீட்டர்ல ஒரு கிளிக் 1.8 மி.மீ. அஞ்சு சுடுங்க. 24 கிளிக் மேல, அஞ்சு. 24 வலது, அஞ்சு. 24 கீழ, அஞ்சு. 24 இடது, அஞ்சு. நீங்க குறி வைக்கிறது எப்பவும் ஒரே புள்ளி. 44 மி.மீ. பக்கம் உள்ள சதுரம் வரணும், கடைசி அஞ்சும் முதல் அஞ்சு மேலயே விழணும். சதுரம் கோணலா வந்தாலோ, திரும்பி வராம போனாலோ உள்குழாய் பிடிப்பு போயிடுச்சு, வாரண்டிக்கு அனுப்புங்க. சதுரம் சரியா வந்து ஒவ்வொரு மூலையிலயும் குரூப் மட்டும் விரிஞ்சிருந்தா ஸ்கோப் நல்லா இருக்கு, துப்பாக்கியைத்தான் பார்க்கணும்.

சந்தேகம் தீரலேன்னா ஸ்கோப்பைக் கழட்டி ஓப்பன் சைட்டுல 15 மீட்டர்ல பத்து சுடுங்க. அதுலயும் சிதறினா பெல்லட்டை மாத்துங்க. தலை அளவு 4.50, 4.51, 4.52னு வருது, ஒவ்வொரு பேரலும் ஒண்ணைத்தான் விரும்பும்.

தோப்புத்துரை:

முன்கட்டைத் திருகு ரெண்டுமே கையால திருகுற அளவுக்குத் தளர்ந்திருந்துச்சு அண்ணே! இறுக்கிட்டேன், புகையும் நின்னுடுச்சு. குரூப் மறுபடியும் 20 மி.மீ. கடைசியா ஒரு கேள்வி: எத்தனை மீட்டர்ல ஜீரோ பண்றது? என்னுது மில்-டாட் (கோட்டுல அளவுக்குப் புள்ளி வெச்ச) ரெட்டிக்கிள்.

வில்லைக்காரன்:

25 மீட்டர். உங்கள் வேகத்துக்கும் 45 மி.மீ. உயரத்துக்கும் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: 10 மீட்டரில் 11 மி.மீ. கீழே, 15-இல் 2 மி.மீ. கீழே, 20-இல் 2 மி.மீ. மேலே, 25-இல் நேர், 30-இல் 8 மி.மீ. கீழே, 35-இல் 22, 40-இல் 43 மி.மீ. கீழே. அதாவது 15-லிருந்து 27 மீட்டர் வரை டப்பாவுக்கு நேராகவே வைத்துச் சுடலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

இதை மில்லில் பாருங்கள். 10 மீட்டரில் 11 மி.மீ. என்பது 1.1 மில். 40 மீட்டரில் 43 மி.மீ. என்பதும் 1.1 மில். கிட்டத்தில் இருப்பதற்கும் கடைசியில் இருப்பதற்கும் ஒரே புள்ளி, நடுவுக்குக் கீழே முதல் டாட். 35 மீட்டருக்கு டாட்டுக்கும் நடுவுக்கும் பாதியைவிடக் கொஞ்சம் கீழே. டரட்டைத் தொடவே வேண்டாம், மூடியைப் போட்டு விட்டுவிடுங்கள்.

கிட்டத்தில் கீழே விழுகிறதே என்று நிறைய பேர் குழம்புவார்கள். ஸ்கோப் பேரலுக்கு மேலே 45 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, பெல்லட் அங்கிருந்து ஏறி வந்து பார்வைக் கோட்டைத் தொடத் தூரம் வேண்டும். 5 மீட்டரில் 26 மி.மீ. கீழே விழும், அது கோளாறு இல்லை.

ஒரு பொறி இருக்கிறது. உங்கள் விலையில் வரும் ஸ்கோப்பில் எக்ஸைத் திருப்பினாலும் ரெட்டிக்கிள் அளவு மாறாது. டாட்டுக்கு டாட் 1 மில் என்பது ஒரே ஒரு எக்ஸில்தான் உண்மை. எது என்று மேனுவலில் போட்டிருக்கும், பெரும்பாலும் உச்ச எக்ஸ். 7-இல் 1 மில் என்றால் 3.5-இல் அதே டாட் 2 மில். பத்துமீட்டர் சொன்னபடி நின்று 3.5-இல் சுட்டால், முதல் டாட்டில் பாதிதான் வைக்க வேண்டும். மேனுவல் இல்லையென்றால் 10 மீட்டரில் ஒரு ஸ்கேலை மாட்டி ஸ்கோப் வழியாகப் பாருங்கள். இரண்டு டாட் நடுவே 10 மி.மீ. தெரியும் எக்ஸ்தான் உங்கள் உண்மையான எக்ஸ், அங்கே வளையத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஓ வளையத்தில் அச்சடித்த எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள், அது கஜம் வேறு. டேப் பிடித்து 10, 20, 30, 40 மீட்டரில் பேப்பர் வைத்து, தலையை மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பாருங்கள். குறி பேப்பர்மேல் நகராத இடம் எதுவோ அதுதான் அந்தத் தூரம். வெள்ளை டேப் ஒட்டி அதில் எழுதிவிடுங்கள். அதற்கு முன்னால் கண்பக்க வளையத்தை வெறும் வானத்தைப் பார்த்து ரெட்டிக்கிள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்பி நிறுத்துங்கள். சூரியன் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.

சாய்வுமானி:

அந்த அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு தூரத்திலும் ஐந்து சுட்டுச் சரிபாருங்கள். பெல்லட் மாற்றினால் கணக்கு மாறும். ஏப்ரல் வெயிலில் காருக்குள் கிடந்த துப்பாக்கியில் கிரீஸ் இளகி வேகம் மாறும், மார்கழிக் காலையில் இன்னொரு மாதிரி.

தோப்புத்துரை:

வீடு நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர். உறையில போட்டு பீரோல வைக்கலாமா?

வில்லைக்காரன்:

உறையில் வேண்டாம். துணியும் ஃபோமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழாயில் உப்புப் பூக்கும், லென்ஸ் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். உள் லென்ஸில் பிடித்தால் வீட்டில் துடைக்க முடியாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் கால் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற ரகமாக வாங்குங்கள். மாறினதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, திரும்பப் போடலாம். சமையல் வாணலி வேண்டாம், பழையது ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.